புயற்செய்தியும் உள்நாட்டுக் கிராமங்களும்

ஐப்பசியும் கார்த்திகையும் வடமதுரைச் சுற்றுப்புறத்துக் குடியானவர்கள் வருஷம் முழுவதும் எதிர்நோக்கியிருக்கும் மாதங்கள். கிணறுகளில் நீர் ஊறுவதும், குளங்கள் நிறைவதும், ஆடு மாடுகளுக்குப் புல் தழைப்பதும் இம்மாதங்களின் மழையைப் பொறுத்தவை. திண்டுக்கல் சமவெளியில் வருஷத்துக்குச் சராசரி 800 மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்டே மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் கிடைப்பது. இவ்வாறு மழைக்கு ஏங்கும் ஊரில் மழைக்கும் காற்றுக்கும் முன்னெச்சரிக்கை வேண்டுமென்று பேசுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். புயல் நாகப்பட்டினத்தார் கவலை, வெள்ளம் காவேரிக் கரையார் கவலை என்ற எண்ணம் இவ்வட்டாரத்தில் ஆழ வேரூன்றியிருக்கிறது. அவ்வெண்ணம் பிழையானது என்பதை இரண்டு புயல்கள் காட்டியிருக்கின்றன. இரண்டும் நவம்பர் மாதத்தில் வந்தவை. இரண்டும் கடற்கரையில் ஓய்ந்துவிடாமல் மேற்கு நோக்கி வந்தவை.

2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி விடிவதற்குமுன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. கரையோர ஜில்லாக்களில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஜனங்கள் முன்னதாகவே முகாம்களில் சேர்க்கப்பட்டிருந்தனர். அக்காரியம் போற்றத்தக்கது, அதனால் பிழைத்த உயிர்கள் பல. ஆனால் வேதாரண்யம் வடமதுரைக்கு ஏறக்குறைய நேர் கிழக்கே, 190 கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. கரையைக் கடந்த காற்று பட்டுக்கோட்டைத் தென்னைகளைச் சாய்த்து, புதுக்கோட்டைச் சீமையை அலைக்கழித்து, அதே நாள் முற்பகலில் திண்டுக்கல் பக்கம் வந்து, பின்னர் கேரளம் சென்றது. கொடைக்கானல் மலையில் மண் சரிந்து உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. புயலின் பெயரும், அது இருக்கும் இடமும், அதன் வேகமும் இரண்டு மூன்று நாட்களாக ரேடியோவிலும் டெலிவிஷனிலும் ஓயாது சொல்லப்பட்டு வந்தன. உள்நாட்டு ஊர்களில் அவற்றைக் கேளாதவர் இல்லை. தமக்குச் சொல்லப்படுவதாக எடுத்துக்கொண்டவரே சிலர்.

இதற்கு நாற்பத்தொரு வருஷங்களுக்கு முன், 1977 நவம்பர் 12-ந் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரையேறிய புயலின் கதை இவ்வட்டாரத்துக்கு இன்னும் நெருங்கியது. அப்புயலில் தமிழ்நாட்டில் ஐந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை ஜில்லாக்கள் பெருநஷ்டமடைந்தன. அடுத்த வாரமே ஆந்திர தேசத்தில் திவிசீமையை வேறொரு புயல் பதினாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களுடன் வாரிக்கொண்டு போனபடியால், முதற்புயல் ஜனங்களின் நினைவிலிருந்து சீக்கிரம் மறைந்தது. ஆனால் வேடசந்தூர்ப் பக்கத்தில் வயதானவர்கள் அதை மறக்கவில்லை. அப்போது மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்த இப்பகுதியில், அழகாபுரி அருகே குடகனாற்றின் குறுக்கே கட்டப்பட்டிருந்த மண் அணை அந்த நவம்பர் வெள்ளத்தில் உடைந்து போயிற்று.

பழனி மலைச் சாரலில் தோன்றி, தாடிக்கொம்பு வழியாக வடக்கே சென்று அமராவதியில் சேரும் குடகனாறு வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் மணலாய்க் கிடப்பது. சிறுமலையிலிருந்து வரும் சந்தனவர்த்தினி போன்ற சிற்றாறுகளும் அவ்வாறே. வண்டித் தடமும் ஆட்டுத் தடமும் ஆற்றுக்குள்ளேயே செல்லும். ஆற்றோரத்தில் கிடை போடுவார்கள். படுகையில் பயிர் வைப்பவர்களும் உண்டு. இத்தகைய ஆற்றில் வெள்ளம் வரும்போது மெல்ல ஏறி வருவதில்லை. மலையில் பெய்த மழை ஒரே முகமாய்த் திரண்டு வந்துவிடும். ஊரில் வானம் தெளிந்திருக்கையிலே ஆறு பெருகியதைக் கண்டவர்கள் அநேகர். ஆகவே, இங்கே கண்ணால் கண்டபின் ஓடலாம் என்றிருப்பவனுக்குக் காலம் கிடைப்பதில்லை. மேலே இருப்பவன் சொல்ல, கீழே இருப்பவன் கேட்டு நடக்க வேண்டிய ஆறு இது.

1977-ல் அணையில் நிகழ்ந்தவை அணைப் பாதுகாப்பைப் பற்றிய நூல்களில் பதிவாகியிருக்கின்றன. ஆற்றின் அடிமட்டத்திலிருந்து சுமார் 11½ மீட்டர் உயரமுள்ள அவ்வணைக்கு, செங்குத்தாக மேலே தூக்கும் ஐந்து ஷட்டர்கள் இருந்தன. வினாடிக்கு 1,275 கன மீட்டர், அதாவது உத்தேசம் 45,000 கன அடி வெள்ளத்தை வெளியேற்றத்தக்கதாக அமைத்திருந்தார்கள். வெள்ளம் வந்தபோது சிப்பந்திகள் தாமதமின்றி ஷட்டர்களைத் தூக்க முற்பட்டனர். பாதி தூக்குவதற்குள் மின்சாரம் நின்று போயிற்று. கைவசமிருந்த ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்தும் பலிக்கவில்லை. கடைசியில் கையாலேயே சுற்றித் தூக்கப் பார்த்தனர். அதற்குள் நீர் கரையின் மேல் ஏறி, பின்சரிவில் அருவிபோல் விழுந்து மண்ணை அரித்து, 20 மீட்டர் முதல் 200 மீட்டர் வரை அகலமுள்ள உடைப்புகளை உண்டாக்கிவிட்டது.

இவ்வரலாற்றைப் பொறியாளர்கள் படிக்கும்போது ஷட்டரையும் ஜெனரேட்டரையும் பற்றி யோசிப்பார்கள். அது அவர்கள் கடமை. கிராம உத்தியோகஸ்தரும் நிலச்சுவான்தார்களும் கவனிக்கவேண்டியது வேறொன்று. மின்சாரம் நின்ற நிமிஷத்துக்கும் கரையுடைந்த நிமிஷத்துக்கும் இடையே ஒரு கால அளவு இருந்திருக்கிறது. ஜெனரேட்டரை ஓட்டிப் பார்ப்பதற்கும், கையால் சுற்றிப் பார்ப்பதற்கும் எவ்வளவு நேரம் பிடிக்குமென்பதைப் பம்பு செட்டுடன் போராடிய எந்த விவசாயியும் ஊகித்துக் கொள்ளலாம். எந்த அணையிலும் எந்தக் குளத்திலும் கேடு நேருமுன் இத்தகைய இடைவேளை ஒன்று இருக்கவே செய்கிறது. அந்த இடைவேளையில் ஆற்றின் கீழ்ப்புறத்துக் கடைசி ஊரின் கடைசி வீட்டுக்கு யார் போய்ச் சொல்வது, என்னவென்று சொல்வது, சொன்னதை அந்த வீட்டுக்காரர் நம்புவாரா என்பவைதான் எச்சரிக்கையைப் பற்றிய கேள்விகளில் முக்கியமானவை.

வானிலையை அறியும் சாஸ்திரத்தில் இன்று பெரிய குறை சொல்வதற்கில்லை. இந்திய வானிலை இலாகா 1875-ல் ஏற்பட்டது. விவசாயிகளுக்கென்றே தனியாக வானிலை அறிக்கை தயாரித்து ரேடியோ மூலம் சொல்வது 1945-லேயே தொடங்கிவிட்டது. இன்று வானத்திலிருந்து செயற்கைக்கோள் மேகத்தைப் படம் பிடிக்கிறது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வட்டாரங்கள்தோறும் தானாகவே மழையையும் காற்றையும் அளக்கும் கருவிகளை நிறுவியிருக்கிறது. புயல் உருவாகுமுன்பே அதன் பாதையை உத்தேசிக்க முடிகிறது. இவ்வளவும் திரட்டிய பிறகு, அச்செய்தி கிராமத்துக்கு வந்து சேரும் பாஷையில்தான் குறை இருக்கிறது.

'ஆரஞ்சு எச்சரிக்கை', 'சிவப்பு எச்சரிக்கை' என்ற சொற்கள் இப்போது எல்லார் காதிலும் விழுகின்றன. அவற்றின் பொருள் தெரிந்தவர் எத்தனை பேர்? ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டர் முதல் பெய்தால் கனமழை என்றும், 115.6 முதல் மிகக் கனமழை என்றும், 204.5-ம் அதற்கு மேலும் அதிகனமழை என்றும் வானிலை இலாகா வகுத்திருக்கிறது. அங்குலக் கணக்கில் பழகிய பெரியவர்களுக்கு இவை முறையே இரண்டரை, நாலரை, எட்டு அங்குலம். எட்டு அங்குல மழை ஓர் ஏக்கரில் விழுந்தால் எட்டேகால் லட்சம் லிட்டர் தண்ணீர். வடமதுரைச் செம்மண் காட்டில் ஒரு வருஷத்தில் பெய்யவேண்டிய மழையில் கால்பங்கு ஒரே நாளில் விழுகிறதென்று பொருள். இவ்வாறு சொன்னால் விவசாயி உடனே தன் வரப்பையும், கிணற்று விளிம்பையும், குளத்தின் கலுங்கையும் நினைத்துக்கொள்வான். 'ஆரஞ்சு' என்றால் அவனுக்கு நினைவு வருவது பழமே.

மேலும், அதிகனமழை என்ற வகுப்புக்குக் கீழெல்லை உண்டே தவிர மேலெல்லை இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி ஜில்லா காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பெய்தது. திண்டுக்கல் சமவெளி ஒரு முழு வருஷத்தில் காணும் மழையைவிட அதிகம். எட்டு அங்குலமும் சிவப்பு. முப்பத்தேழு அங்குலமும் சிவப்பு. சிவப்பு என்று கேட்டவர்கள் முன்பு கண்ட சிவப்பை நினைத்துக்கொண்டு வீட்டில் இருந்திருப்பார்களானால் அவர்களைக் குறை கூறலாகாது.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. 2018 அக்டோபர் 7-ந் தேதிக்கென்று தமிழ்நாட்டுக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. ஜனங்கள் பரபரப்படைந்தார்கள், பின்னர் எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது, பயந்த அளவு மழையும் இல்லை. அதற்கு நாற்பதாம் நாள் கஜா வந்தது. 'புலி வருகிறது' என்று கூவிய இடைச்சிறுவன் கதையைச் சொல்லிச் சிரிப்பதற்கு இது இடம் கொடுத்தது. ஆனால் அக்கதையில் சிறுவன் பொய் சொன்னான். வானிலை இலாகா பொய் சொல்லவில்லை. மழை எங்கே எவ்வளவு விழும் என்பதில் எப்போதும் சந்தேகம் கலந்தே இருக்கும். விதைக்கும் விவசாயிக்கு இதைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. பத்துத் தடவை விதைத்தால் பத்தும் விளைவதில்லையென்று அறிந்தே அவன் விதைக்கிறான். ஆகவே, 'இவ்வளவு மழைக்கு இடமுண்டு, பெய்யாமலும் போகலாம், பெய்தால் இன்னது நேரும்' என்று திறந்து சொல்வதில் நஷ்டமில்லை. எச்சரிக்கை விலகியபின் ஏன் விலகிற்று என்பதையும் அதே வாயால் சொல்லிவிட்டால் அடுத்த எச்சரிக்கைக்கு மரியாதை குறையாது. விலக்கிய செய்தியைச் சொல்லாமல் விடுவதே இப்போதுள்ள வழக்கம். கெட்டுப்போவது அங்கேதான்.

கிராமத்துக்கு வரும் செய்தி எவ்வாறிருக்க வேண்டும்? 'தாழ்வான பகுதிகளில் வசிப்போர் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்' என்பது இப்போது வழங்கும் வாசகம். தாம் தாழ்வான பகுதியில் இருப்பதாக எவரும் ஒப்புக்கொள்வதில்லை. 'இன்று மாலை நான்கு மணிக்கு ஷட்டர்கள் திறக்கப்படும். இரவு எட்டு மணிக்குள் இன்ன ஊர்த் தரைப்பாலத்தின்மேல் நீர் ஏறும். படுகையில் கிடை போட்டிருப்பவர்கள் இருட்டுமுன் ஆடுகளை மேட்டுக்கு ஓட்டிவிடுக. கீழத்தெருவார் பள்ளிக்கூடத்துக்குப் போகலாம், சாவி இன்னாரிடம் இருக்கிறது' என்று சொன்னால் கேட்டவன் எழுந்து நிற்பான். இதை எழுதச் சென்னையிலிருந்தோ டில்லியிலிருந்தோ முடியாது. நீர்வள இலாகாப் பொறியாளருக்கு நீரின் அளவு தெரியும். கிராம நிர்வாக அலுவலருக்குத் தெருக்கள் தெரியும். வேளாண்மை அலுவலருக்கு எந்தக் காட்டில் எந்தப் பயிர் எந்தப் பருவத்தில் நிற்கிறதென்று தெரியும். மூவரும் சேர்ந்து மழைக்குமுன் ஒரு நாள் உட்கார்ந்தால் வாசகங்களை முன்னதாகவே எழுதி வைத்துக்கொள்ளலாம்; மழை நாளில் மணியையும் ஊர்ப்பெயரையும் நிரப்பினால் போதும். பயிர் சம்பந்தமான வார்த்தைகளையும் அதிலேயே சேர்ப்பது உசிதம். அய்யலூர்ச் சந்தைக்குப் போகவேண்டிய தக்காளியைப் பறித்துவிடுவதா, நிறுத்துவதா. பிடுங்கிப் போட்ட நிலக்கடலையை எங்கே குவிப்பது. உரமிடுவதை எத்தனை நாள் தள்ளிப் போடுவது என்பவை அவசர காலத்திலும் விவசாயியின் மனத்தில் முன்னே நிற்பவை. இவற்றுக்கு விடை சொல்லும் வாயைத்தான் அவன் உயிரைப் பற்றிச் சொல்லும்போதும் நம்புவான்.

சாதாரண நாட்களில் பிரயோஜனப்படாத சாதனம் அபாய நாளில் பிரயோஜனப்படாது. 1960-களில் திருச்சி வானொலி நிலையத்தார் புதிய நெல் வகைகளைப் பற்றித் தொடர்ந்து சொல்லி வந்தபோது, தஞ்சைக் குடியானவர்கள் ஆடுதுறை 27 என்ற நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டுவிட்டார்கள். ரேடியோ சொன்னதால் விதைத்தோம், விளைந்தது என்பது அப்பெயருக்குப் பொருள். இத்தகைய நம்பிக்கையை ஒரே நாளில் சம்பாதிக்க முடியாது. புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு என்ற மீனவர் கிராமம் இதற்கு இன்னும் தெளிவான உதாரணம். அங்கே எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஏற்படுத்திய அறிவு மையத்திலிருந்து கடல் அலையின் உயரமும், வேறு செய்திகளும் ஒலிபெருக்கி மூலம் தினந்தோறும் ஊருக்குச் சொல்லப்பட்டு வந்தன. 2004 டிசம்பர் 26-ந் தேதி காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்து வந்த அவ்வூர்க்காரர் ஒருவர் டெலிவிஷனில் சுனாமிச் செய்தியைக் கண்டு வீட்டுக்கு டெலிபோன் செய்தார். ஊரார் பூட்டியிருந்த மையத்தின் கதவை உடைத்து, ஒலிபெருக்கியில் கூவினார்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வெளியேறினர். வீடுகளும் படகுகளும் போயின. உயிர் ஒன்றும் போகவில்லை. அன்று இந்துமகா சமுத்திரத்துக்குச் சுனாமி எச்சரிக்கை நிலையம் ஒன்றுமே கிடையாது. ஹைதராபாத்தில் அது ஏற்பட்டது 2007-ல். தினமும் பேசிய ஒலிபெருக்கி ஒன்று அந்தக் குறையை ஓர் ஊருக்கு மட்டும் நிரப்பிவிட்டது.

திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் முன்னாளில் இத்தகைய வாய் இருந்தது. சர்க்கார் செய்தியானாலும் ஊர்ச் செய்தியானாலும் தமுக்கு அடித்துச் சொல்லப்பட்டது. குளத்துக்கு நீர்பாய்ச்சி உண்டு. மழை இரவில் கரையில் நடப்பதும், கரை கசிந்தால் ஊரை எழுப்புவதும் அவன் பொறுப்பு. அறுப்புக் காலத்தில் அதற்காகக் களத்தில் தானியம் அளந்தார்கள். கிராம முன்சீபும் கணக்கப்பிள்ளையும் ஊரிலேயே குடியிருந்தார்கள். பழைய ஏற்பாடு முழுவதும் நல்லதென்று சொல்வதற்கில்லை. தமுக்கு அடிக்கும் வேலை ஒரு வகுப்பார் தலையிலேயே சுமத்தப்பட்டு, அவர்களை இழிவுபடுத்துவதற்கும் கருவியாக இருந்தது. 2022-ல் தமிழ்நாடு சர்க்கார் தண்டோரா போடுவதை நிறுத்தி, வாகனத்தில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்ல வேண்டுமென்று அறிவுறுத்தியது முற்றிலும் நியாயம். பரம்பரை கிராம உத்தியோகங்கள் 1980 நவம்பரில் எடுக்கப்பட்டதும் அவ்வாறே. ஆனால் ஆளை எடுத்தபோது அவன் செய்த காரியமும் சேர்ந்து போய்விட்டது. இன்று ஊரில் புயல் வருகிறதென்று சொல்லவேண்டியவர் யார் என்று கேட்டால், கிராம நிர்வாக அலுவலர் ஊராட்சியைக் காட்டுவார். ஊராட்சி வட்டாட்சியரைக் காட்டும். எல்லாரும் கைப்பேசியைக் காட்டுவார்கள்.

கைப்பேசி பெரிய அனுகூலமே. 2023-ல் தேசமெங்கும் அபாய அறிவிப்பைக் கைப்பேசிகளுக்கு ஒரே சமயத்தில் அனுப்பிச் சோதனை செய்தபோது, சட்டைப்பையில் இருந்த கருவி அலறியதைக் கேட்டுத் திடுக்கிடாதவர் இல்லை. எந்த வட்டாரத்தில் அபாயமோ அந்த வட்டாரத்துக்கு மட்டும் அனுப்ப அதில் வசதியுண்டு. மின்னல் விழக்கூடிய இடத்தை முன்கூட்டியே காட்டும் 'தாமினி' என்னும் செயலியும் உண்டு. ஆனால் கஜாவில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. மின்சாரம் நின்றால் கைப்பேசிக் கோபுரம் சில மணி நேரத்தில் ஊமையாகும். 1977-ல் ஷட்டரை நிறுத்திய அதே கேடுதான் இது. சிறுமலை அடிவாரத்தில் சில காடுகளில் நல்ல நாளிலேயே கோபுரத்தின் சமிக்ஞை எட்டுவதில்லை. ஆடு மேய்க்கும் கிழவியிடம் இருப்பது எழுத்துப் படிக்கத் தெரியாத கையில் ஒரு பழைய கருவி.

ஆகவே கடைசி ஒரு மைல் தூரத்தை மனிதனே நடக்கவேண்டியிருக்கிறது. 1970-ல் மூன்று லட்சம் பேருக்குக் குறையாமல் புயலில் மாண்ட கிழக்கு வங்காளத்தில், அது வங்காள தேசமான பிறகு, 1972-ல் ஒரு தொண்டர் படை ஏற்படுத்தினார்கள். அதில் இன்று 70,000-க்கு மேற்பட்டவர் இருக்கின்றனர். பாதிப் பேர் பெண்கள். அவர்களிடம் இருப்பவை கைச் சங்கு, மெகாபோன், கொடிகள், பாட்டரி ரேடியோ. அபாயம் ஏற ஏறக் கொடிகளின் எண்ணிக்கையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறும். எல்லாரும் அந்தந்த ஊர்க்காரர்கள். எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர் இருக்கிறார், எந்த வீட்டில் பிள்ளை பெற்றவள் இருக்கிறாள் என்பதைப் பட்டியல் பார்க்காமலே அறிந்தவர்கள். அத்தேசம் பணக்கார தேசம் அல்ல. ஒரு கிராமத்துக்கு ஒரு பாட்டரி மெகாபோனும் ஒரு கைச் சங்கும் வாங்க வடமதுரை ஒன்றியத்து ஊராட்சி எதற்கும் சக்தியில்லாமல் போகாது. கோயில் மணியும், மாதா கோயில் மணியும், பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் ஏற்கெனவே இருக்கின்றன. எந்த ஓசை எதற்கு அடையாளம் என்று ஊர் கூடி ஒருதரம் தீர்மானித்துக் கொள்ளாததே குறை.

நிலமுள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அது சிலருக்குக் கசப்பாக இருக்கலாம். எச்சரிக்கை முதலில் எட்டுவது மாடி வீட்டுக்கே. கேட்டவுடன் சொந்தக்காரர் செய்யும் முதற்காரியம் பல இடங்களில் ஓர் ஆளைக் காட்டுக்கு அனுப்புவது: மோட்டாரைக் கழற்றிவா, மாட்டை அவிழ்த்துக் கட்டு, வரப்பை வெட்டிவிடு என்று. எச்சரிக்கை கேட்ட வீட்டிலிருந்து எச்சரிக்கை கேளாதவன் அபாயத்துக்குள் அனுப்பப்படுகிறான். அறுந்து விழுந்த மின்கம்பியை மிதிப்பவனும், மின்னல் அடிக்கும்போது வேப்பமரத்தடியில் ஒதுங்குபவனும், ஆற்றுக்கு அக்கரையில் அகப்பட்டுக்கொள்பவனும் அவனாகவே இருக்கிறான். தோட்டத்தில் காவல் இருப்பவர், களை எடுக்க வந்த பெண்கள், வெளியூரிலிருந்து கிடை கொண்டுவந்தவர் ஆகியோருக்குச் செய்தி சொல்வது தம் பொறுப்பு என்று ஒவ்வொரு நிலச்சொந்தக்காரரும் எண்ணவேண்டும். மோட்டாரைக் கழற்றும் வேலை வானம் வெளுத்திருக்கும் முதல் நாளில் செய்யவேண்டியது. அதற்குத்தான் இரண்டு நாள் முன்னதாகச் சொல்கிறார்கள். மோட்டாருக்கு நஷ்டஈடு கேட்டு மனுப்போடலாம், ஆளுக்கு என்ன கேட்பது?

செய்தி மேலிருந்து கீழே வருவதோடு நின்றுவிடவும் கூடாது. குளத்துக் கரையில் எறும்புப் புற்று அளவு துவாரத்தில் கலங்கல் நீர் வருவதை முதலில் காண்பவர் அந்த வழியாய் மாடு ஓட்டிச் செல்பவரே. அவர் சொன்னால் கேட்டுக்கொள்ள ஓர் இடம் இருக்கவேண்டும். ஜில்லா அபாய நிலையத்துக்கு 1077 என்ற எண்ணும், ராஜ்ய நிலையத்துக்கு 1070 என்ற எண்ணும் இருப்பது உத்தியோகஸ்தருக்குத் தெரியும். மாடு ஓட்டுபவருக்குத் தெரிவதற்கு அவை குளத்து மதகின் சுவரிலும் டீக்கடைச் சுவரிலும் பெரிதாக எழுதப்பட்டிருக்க வேண்டும். மேலிருந்து வந்த செய்தி கிராமத்தில் எத்தனை மணிக்குக் கிடைத்தது, எத்தனை மணிக்கு எந்தத் தெருவில் சொல்லப்பட்டது என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிடும் வழக்கமும் நல்லது. அனுப்பிவிட்டோம் என்று ஜில்லாத் தலைநகரில் சொல்வதற்கும், வந்து சேரவில்லை என்று கிராமத்தில் சொல்வதற்கும் அப்போது இடமிராது.

அணைகளைப் பொறுத்தமட்டில் சட்டமே ஒரு வழி திறந்திருக்கிறது. 2021-ஆம் வருஷத்து அணைப் பாதுகாப்புச் சட்டப்படி, அதற்குட்பட்ட ஒவ்வோர் அணைக்கும் அபாய கால நடவடிக்கைத் திட்டம் ஒன்று தயாரிக்கப்பட வேண்டும். பழைய அணைகளுக்குச் சட்டம் அமுலுக்கு வந்த நாளிலிருந்து ஐந்து வருஷம் தவணை. அணை உடைந்தால் நீர் எவ்வளவு தூரம் பரவும், யாருக்கு எவ்விதம் செய்தி சொல்வது என்பவையெல்லாம் அதில் அடங்கவேண்டியவை. இத்தகைய திட்டங்கள் பொறியாளர் அலுவலக அலமாரியில் தங்கிவிடுவது சகஜம். குடகனாற்றுக் கரையிலுள்ள ஒவ்வோர் ஊராட்சியும் தன் ஊரைப் பற்றிய பக்கத்தை மட்டுமாவது தமிழில் எழுதித் தரும்படி மனுச் செய்து வாங்கி, சாவடியில் ஒட்டிவைக்க வேண்டும். சட்டத்துக்குள் வராத ஊர்க்குளங்களுக்கு அத்தகைய பக்கத்தை ஊராரே எழுதிக்கொள்ளலாம். கலுங்கு மறிந்தால் நீர் எந்த ஓடையில் விழும், அந்த ஓடை எங்கே தூர்ந்திருக்கிறது, யார் அதை உழுது பயிர் வைத்திருக்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரியாத ரகசியமல்ல.

இவற்றையெல்லாம் ஒத்திகை பார்க்காமல் விட்டால் காகிதமாகவே நிற்கும். புரட்டாசிக் கடைசியில் ஒரு வியாழக்கிழமையை ஒத்திகைக்கு வைத்துக்கொள்வது இவ்வட்டாரத்துக்கு ஏற்றது. அன்று அய்யலூர் ஆட்டுச்சந்தைக்குச் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் கூடுகிறார்கள். காலையில் அந்தந்த ஊரில் கைச் சங்கை ஊதி, 'இது ஒத்திகை' என்று மெகாபோனில் சொல்லி, கடைசி வீட்டுக்குச் செய்தி எட்ட எத்தனை நிமிஷம் ஆயிற்றென்று குறித்துக்கொண்டு சந்தைக்கு வந்தால், ஆட்டு விலை பேசுமுன் ஊருக்கு ஊர் அந்த நிமிஷங்களை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.